ஒரே ஊருக்கு வந்த வாந்தி பேதி

உத்திரமேரூர்ப் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். தலைப்பையும் அவர்களே கொடுத்துவிட்டார்கள்: புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் கம்பெனிகள் எதிர்பார்ப்பது என்ன. எனக்கு முன்னால் பேசிய தம்பி திரையில் படம் போட்டு, தன்னம்பிக்கை, தலைமைப் பண்பு, குழு மனப்பான்மை என்று அடுக்கிக்கொண்டே போனார். பிள்ளைகள் கொட்டாவியை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். என் முறை வருவதற்குள் சாப்பாட்டு மணி ஆகிவிட்டது. பசித்த வயிற்றுக்கு உபதேசம் பண்ணுகிற பழக்கம் எனக்கு இல்லை. வணக்கம் சொல்லி, நன்றாகச் சாப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். அன்றைக்கு அதிகம் கைதட்டு வாங்கியது என் பேச்சுதான்.

வெளியே வரும்போது பவித்ரா என்னைப் பிடித்துக்கொண்டாள். நான் ஓய்வு பெற்ற பிறகு என் நாற்காலிக்கு வந்திருக்கும் பெண். கெட்டிக்காரி. இப்போது அவள் ஆள் எடுப்பதெல்லாம் செல்போனில்தான். பிள்ளைகள் வீட்டிலிருந்தே கேமராவைப் பார்த்துப் பதில் சொல்கிறார்கள், மறுநாளே ஆர்டர் போய்விடுகிறது. ஆனால் மூன்று மாதத்தில் பாதிப் பேர் காணாமல் போகிறார்களாம். "எடுக்கறது ஈஸியா இருக்கு மேடம், நிக்க மாட்டேங்கறாங்க. உங்க காலத்துல எப்பிடித்தான் நிறுத்தி வெச்சீங்க?" என்று கேட்டாள். வெயிலில் நின்றுகொண்டு சொல்கிற கதை இல்லை அது. எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். பவித்ரா, இதுதான் அது.

என் ஆரம்ப காலத்தைச் சொல்லி யார் கழுத்தையும் அறுக்க மாட்டேன். பெருநகர் என்கிற கிராமத்தில் பிறந்தேன். தபாலில் பி.காம் முடித்தேன். கல்யாணமாகி உத்திரமேரூருக்கு வந்தேன். ஒரகடம் போகிற வழியில் ஒரு கம்பெனி புதிதாக வந்தபோது, டைம் ஆபீஸில் வருகைப் பதிவு பார்க்கிற வேலை கிடைத்தது. கார்களுக்குள் நரம்பு மாதிரி ஓடுகிற வயர் கட்டுகளைச் செய்யும் கம்பெனி. ஆள் எடுக்கிற பிரிவுக்கு என்னை இழுத்துக்கொண்டவர் சந்தானம் சார். அங்கேதான் கடைசி வரைக்கும் இருந்தேன்.

சந்தானம் சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பர்சனல் மேனேஜர். ஒல்லியான மனிதர், சத்தமாகப் பேசியே நான் பார்த்ததில்லை. கோபம் வந்தால் அவருக்கு மரியாதை கூடிவிடும். சாதாரணமாக "வாம்மா வேதவல்லி" என்பவர், கொஞ்சம் கோபமென்றால் "வாங்க" என்பார். உச்சத்துக்குப் போனால் "தாங்கள் கொஞ்சம் வந்துவிட்டுப் போனால் சௌகரியமாக இருக்கும்" என்பார். அந்தத் "தாங்கள்" காதில் விழுந்தால் லைன் லீடர்கள் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு ஓடுவார்கள். திட்டு வாங்கியவன்கூட மறுநாள் மறந்துவிடுவான், தாங்கள் வாங்கியவன் மறக்க மாட்டான்.

அவர் ஆள் எடுக்கிற விதம் எனக்கு ஆரம்பத்தில் பைத்தியக்காரத்தனமாகத்தான் தெரிந்தது. பெண்களை ஒரு மேஜையைச் சுற்றி நிற்கவைப்பார். ஆளுக்கு ஒரு தட்டு. அதில் கலர் கலராக வயர்களும், அவற்றைச் செருகுகிற பிளாஸ்டிக் கனெக்டர்களும் இருக்கும். வயரைத் தள்ள வேண்டும். உள்ளே டக்கென்று சத்தம் கேட்க வேண்டும். அப்புறம் ஒரு முறை இழுத்துப் பார்க்க வேண்டும். தள்ளு, டக், இழு. எங்கள் தொழிலில் மொத்த வேதமும் இந்த மூன்றுதான். டக் கேட்காத வயர் ஒரு நாள் ஓடுகிற காரில் கழன்றுகொள்ளும், பிரேக் விளக்கு எரியாது. சார் செய்கிற குறும்பு என்னவென்றால், ஒவ்வொரு தட்டிலும் ஒரு கனெக்டரின் உள்பூட்டை உடைத்துவைத்திருப்பார். அதில் யார் தள்ளினாலும் டக் கேட்காது.

அந்தக் கனெக்டர் வரும்போது பெண்கள் என்ன செய்கிறார்கள் என்பதுதான் பரீட்சை. சிலர் அழுத்திச் செருகிவிட்டு ஒன்றும் நடக்காததுபோல் அடுத்ததுக்குப் போய்விடுவார்கள். சிலர் விரல் சிவக்கச் சிவக்கத் தள்ளிக்கொண்டே நிற்பார்கள். ஒருத்தி அதைச் சுடிதார் துப்பட்டாவில் முடிந்துகொண்டதைக்கூடப் பார்த்திருக்கிறேன். வேகமாக முடித்த பெண்களை அவர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். வேகத்தை நாம் கற்றுக்கொடுத்துவிடலாம், வாயைத் திறந்து 'இது சரியில்லை' என்று சொல்வதை யாருக்கும் கற்றுக்கொடுக்க முடியாது என்பார். நான் சொல்கிறேன், எந்த முதலாளிக்கும் புது ஆளிடம் வேண்டியது இதுதான். தப்பு எங்கே இருக்கிறது என்று அன்றைக்கே தெரிந்துவிட வேண்டும்.

ஆளை நிறுத்திவைப்பதற்கு அவர் வழி வேறு. எடுத்த பெண்களின் அம்மாக்களை, கல்யாணமானவள் என்றால் மாமியாரை, கம்பெனி பஸ்ஸிலேயே கூட்டிவரச் சொல்வார். நான்தான் கூட்டிக்கொண்டு சுற்றிக் காட்டுவேன். நம் ஜனங்கள் மிஷினைப் பார்க்க மாட்டார்கள். நேராகக் கக்கூஸ் எங்கே என்று கேட்பார்கள். போய்க் குழாயைத் திறந்து பார்ப்பார்கள், கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று இழுத்துப் பார்ப்பார்கள். அப்புறம் கேன்டீனில் உட்காரவைத்துச் சோறு போடுவோம். குழாயில் தண்ணீர் வந்து சோறும் வெந்திருந்தால் அந்த வீட்டுப் பெண் மறுநாள் வேலைக்கு வந்துவிடுவாள். பஸ், சோறு, கக்கூஸ், லைன் லீடரின் வாய், இந்த நாலும் சுத்தமாக இருந்தால் ஆள் ஏன் போகப்போகிறது என்பது சாரின் கட்சி.

அவருடைய கட்சிக்கே சோதனை வந்தது ஒரு முறை. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

ஒரு புதுக் கார் மாடலுக்கான ஆர்டர் எங்களுக்கு வந்திருந்தது. அதற்கென்று தனி லைன். சாலவாக்கத்துக்குப் பக்கத்தில் ஒரே ஊரிலிருந்து முப்பதுக்கு மேற்பட்ட பெண்களை எடுத்தோம். ஊர்ப்பேர் வேண்டாம், அவர்கள் பிள்ளைகளெல்லாம் இப்போது பள்ளிக்கூடம் போகிறார்கள். அந்தக் கூட்டத்துக்கு அமுதாதான் தலைவி. ஊருக்குள் கொஞ்சம் நிலமும் ஊர் முகப்பு ஆர்ச்சுக்குப் பக்கத்தில் வீடும் உள்ள குடும்பம். பரீட்சையில் உடைந்த கனெக்டர் வந்ததும் பக்கத்துத் தட்டிலிருந்து நல்லதை எடுத்துச் செருகிவிட்டாள். எங்கிருந்து எடுத்தாய் என்று சார் கேட்டபோது மூஞ்சியைப் பார்த்து, "அவ தட்டுல இருந்துதான் சார். இது ஒடஞ்சி கீது இல்ல" என்றாள். சாருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

பக்கத்துத் தட்டுக்காரி ஸ்டெல்லா. காலனிப் பெண். ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம் காலனி, நடுவில் சின்னதாக ஒரு சர்ச். அம்மா நடவு, களையெடுப்பு என்று கூலிக்குப் போகிறவர். அப்பா இல்லை. மாதச் சம்பளம் என்று ஒன்று அந்த வீட்டுக்குள் முதன்முதலாக நுழைந்தது ஸ்டெல்லாவால்தான். அதிகம் பேச மாட்டாள். வயர்களைக் கட்டுகிற போர்டில் அமுதாவுக்குப் பக்கத்து இடம் அவளுக்கு அமைந்தது. அமுதா வாய் ஓயாது, ஸ்டெல்லா கை ஓயாது.

பயிற்சி முடிந்து, புது மாடலுக்காக ராத்திரி ஷிப்டும் ஆரம்பிக்கிற நாள் வந்தது. தலைமை ஆபீஸிலிருந்து ஒரு பெரிய அதிகாரி வந்து இறங்கியிருந்தார். எங்களுக்கு மாத்திரம் ஒரு விஷயம் தெரியும்: லைன் தடுமாறினால் அந்த வேலையை வேறு ஊர் பிளான்டுக்கு மாற்றிவிடுவார்கள், இந்தப் பெண்களை வீட்டுக்கு அனுப்ப வேண்டியதுதான். அந்தச் சாயங்காலம் சாலவாக்கம் பஸ் ஆர்ச் வரைக்கும் போய், காலியாகத் திரும்பி வந்தது. டிரைவர் ஹாரன் அடித்து அடித்துப் பார்த்தானாம், ஒரு குஞ்சுகூட வரவில்லை.

கொஞ்ச நேரத்தில் டைம் ஆபீஸுக்குப் போன் வர ஆரம்பித்தது. அமுதாவுக்கு வாந்தி பேதி. அவள் சித்தி பெண்ணுக்கு வாந்தி பேதி. அடுத்தவளுக்கும் அதே. வாட்ச்மேன் எழுதிக்கொண்டே வந்து கடைசியில் பேனாவை மூடிவிட்டு என்னைக் கூப்பிட்டார். "மேடம், ஊரே பேதி ஆவுது மேடம், எனக்குப் பயமாக் கீது" என்றார்.

பயம் எல்லோருக்கும்தான் வந்தது. அத்தனை பேரும் கடைசியாக ஒன்றாகச் சாப்பிட்டது எங்கள் கேன்டீனில். காலையில் நான் போவதற்குள் சமையலறையைப் பூட்டிவிட்டார்கள். சாம்பார், மோர், குடிதண்ணீர் எல்லாவற்றையும் பரிசோதனைக்கு எடுத்தாயிற்று. கேன்டீன் மாஸ்டர் நடேசன் பூட்டிய கதவுக்கு வெளியே படியில் உட்கார்ந்திருந்தார். அவர் கையால் சாப்பிட்டு யாருக்கும் தலைவலிகூட வந்ததில்லை. அந்த மனிதர் என்னைப் பார்த்து, "எந்தப் பொண்ணுக்காவது சீரியஸா இருக்குதாம்மா?" என்று மட்டும்தான் கேட்டார். வேலை போகப்போகிறதே என்று கேட்கவில்லை. அந்த ஒரு கேள்விக்காக எனக்கு அவர்மேல் வாழ்நாள் மரியாதை.

சந்தானம் சார் என்னைக் கூப்பிட்டு, "தாங்கள் உடனே புறப்பட்டால் நல்லது" என்றார். என்மேல் கோபமில்லை, அவருக்கு அத்தனை பதற்றம். கம்பெனி நர்ஸைக் கூட்டிக்கொண்டு, உப்புச் சர்க்கரைப் பொட்டலம் ஒரு பெட்டி, குளுக்கோஸ் பாட்டில் ஒரு பெட்டி, இரண்டையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். வழியெல்லாம் நான் வேண்டாத தெய்வம் இல்லை. யாராவது ஒரு பெண் கண்ணை மூடிவிட்டால் அவள் அம்மா முகத்தில் எப்படி விழிப்பேன்? குழாயைத் திறந்து காட்டி, சோறு போட்டு, நான்தானே நம்பிக்கை சொல்லிக் கூட்டிவந்தேன்.

ஊருக்குள் நுழையும்போதே மைக் சத்தம். திரௌபதி அம்மன் கோயில் எதிரே பெரிய பந்தல். பாரதம் சொல்கிறவர் மேடையில் உட்கார்ந்து சூதாட்டக் கட்டத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். கீழே பெண்கள் வரிசையாக, மஞ்சள் புடவையும் தலை நிறையப் பூவுமாக. முதல் வரிசையில் அமுதா. தருமர் நாட்டை வைத்துத் தோற்றதைக் கேட்டு வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். எங்கள் ஆட்கள் மொத்தமும் அங்கேதான். ஒருத்திக்கும் ஒரு குறைச்சலும் இல்லை.

நெஞ்சில் பால் வார்த்த மாதிரி இருந்தது. உட்கார்ந்து அழுதுவிடுவேன் போல இருந்தது. அது ஒரு நிமிஷம்தான். அடுத்த நிமிஷம் வந்த கோபம் இருக்கிறதே! நர்ஸ் கையில் குளுக்கோஸ் பாட்டிலோடு என் பின்னால் நின்று சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். அமுதா என்னைப் பார்த்ததும் முந்தானையை இழுத்து மூஞ்சியை மூடிக்கொண்டாள். காதைப் பிடிக்காத குறையாகப் பந்தலுக்கு வெளியே இழுத்துக்கொண்டு போனேன்.

"இன்னாடி, பேதி நின்னுடுச்சா?" என்றேன்.

கையை நீட்டிக் காட்டினாள். மணிக்கட்டில் மஞ்சள் கயிறு. எனக்குப் புரிந்துவிட்டது. பெருநகரில் பிறந்த எனக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. திருவிழாவுக்குக் காப்புக் கட்டிவிட்டால் அது அவிழ்கிற வரைக்கும் கட்டினவர்கள் ராத்திரியில் ஊர் எல்லைக்கு வெளியே தங்கக் கூடாது. பகலில் எங்கே வேண்டுமானாலும் போகலாம், விளக்கு வைக்கிற நேரத்துக்குள் எல்லைக்குள் வந்துவிட வேண்டும். மீறினால் ஊருக்கே ஆகாது என்பார்கள். இந்த ஊரில் முதல் மரியாதைத் தகராறில் பல வருஷமாகத் திருவிழாவே நின்றுபோயிருந்தது. திடீரென்று சமாதானமாகி, அவசரமாக நாள் குறித்து, ஞாயிற்றுக்கிழமை காப்புக் கட்டிவிட்டார்கள். திங்கட்கிழமை எங்கள் ராத்திரி ஷிப்ட்.

"அத வாயத் தொறந்து சொல்றதுக்கு இன்னாடி?"

"சாமிக்கெல்லாம் லீவு கெடையாதுன்னாங்க மேடம். ஆஸ்பத்திரி கேசுன்னாத்தான் பேர எடுக்க மாட்டாங்கன்னு பழைய ஆளுங்க சொன்னாங்க. அதான் எல்லாருக்கும் ஒரே மாதிரி சொல்ட்டோம்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள், இவர்கள் ஒரு ஊரையே மறைக்கப் பார்த்திருக்கிறார்கள். ஆளுக்கொரு வியாதி சொல்லித் தொலைத்திருந்தால்கூட இவ்வளவு வினை வந்திருக்காது. ஒற்றுமையாகப் பொய் சொல்லவேண்டும் என்று நினைத்திருக்கிறார்கள், அதுதான் கெடுத்தது. நடேசன் படியில் உட்கார்ந்திருப்பதைச் சொன்னேன். அமுதாவுக்கு அழுகை வந்துவிட்டது. அவளுக்குத் தினமும் ஒரு கரண்டி குழம்பு அதிகம் ஊற்றுகிறவர் அவர்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. காலனிப் பெண்களுக்குக் காப்பு இல்லையே. எங்கள் ஆட்களில் ஐந்து பேர் காலனி. அவர்கள் ஏன் வரவில்லை? ஏரிக்கரையைத் தாண்டிப் போனேன். ஸ்டெல்லா வாசலில் உட்கார்ந்து விதைக்கு வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். உனக்கு என்ன என்று கேட்டேன்.

"வாந்தி பேதி மேடம்" என்றாள்.

நர்ஸ் கையைப் பிடித்துப் பார்த்தாள். என்னைவிட ஆரோக்கியமாக இருந்தாள். பந்தலில் எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத்தான் வருகிறேன் என்றேன். அப்போதும் அவள் அசையவில்லை. "அவுங்களே சொல்ட்டாங்களா மேடம்?" என்று கேட்டாள். சொல்லிவிட்டார்கள் என்றேன். அப்புறம்தான் உட்கார ஒரு ஸ்டூலை எடுத்துப் போட்டாள். வேறு ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து வரவில்லை.

திரும்பி வந்து சாரிடம் இருந்ததை இருந்தபடியே சொன்னேன். அவர் தலையைப் பிடித்துக்கொண்டார். முதலில் செய்தது கேன்டீன் பூட்டைத் திறக்கவைத்ததுதான். அவரே சாவியைக் கொண்டுபோய் நடேசனிடம் கொடுத்தார். மறுநாள் பகலில் பஸ் அனுப்பி எல்லாப் பெண்களையும் கூட்டிவரச் சொன்னார், பொழுது சாய்வதற்குள் திருப்பிக் கொண்டுபோய் விடுகிறேன் என்று ஊர்ப் பெரியவர்களுக்கு நான் வாக்குக் கொடுத்தேன்.

பயிற்சி ஹாலில் எல்லோரையும் நிற்கவைத்தோம். மஞ்சள் புடவைக் கூட்டம் ஒரு பக்கம், சுடிதாரில் ஐந்து பேர் ஒரு ஓரம். பெரிய அதிகாரி கெட்டவர் இல்லை. பெண்கள் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். நம்பிக்கை விஷயம், புரிகிறது என்றார். ஆனால் ஒரு பிளான்டையே கலங்கடித்திருக்கிறீர்கள், யாருக்கும் ஒன்றும் இல்லை என்று விட்டுவிட்டால் நாளைக்கு எல்லா ஊரும் இதையே செய்யும் என்றார். அதுவும் நியாயம்தான். அப்புறம் அந்த ஐந்து பேரையும் பார்த்தார். இவர்களுக்குச் சாமியும் இல்லை, கயிறும் இல்லை. காரணமே இல்லாமல் பொய் சொன்னவர்கள் இவர்கள்தான். இவர்களை வேலையிலிருந்து நீக்கிவிடலாம் என்றார்.

எனக்கு ஸ்டெல்லா அம்மாவின் கைதான் கண் முன்னால் வந்தது. கேன்டீனில் சாப்பிட்டுவிட்டுப் போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "இனிமே வெயில்ல நிக்கமாட்டா இல்லம்மா" என்று கேட்ட கை.

சார் எழுந்து ஸ்டெல்லாவுக்கு முன்னால் போய் நின்றார். "ஒனக்குக் காப்பு இல்ல. பஸ் வந்துச்சு. நீ ஏம்மா வரல?"

ஸ்டெல்லா அமுதாவைப் பார்த்தாள். அப்புறம் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "நாங்க அஞ்சி பேரு மட்டும் நல்லா வந்து நின்னா, மீதிப் பேரு சொன்னது பொய்யின்னு தெரிஞ்சிடும் சார். அவுங்க வேல பூடும்."

"அவங்கதான் ஒங்கள வர வேணாம்னாங்களா?"

"யாரும் ஒண்ணும் சொல்லல சார். நாங்களே வரல."

அமுதா அங்கேயே விசும்ப ஆரம்பித்துவிட்டாள். அவளுக்கே அது அப்போதுதான் தெரிந்தது. இவர்கள் ஏன் வரவில்லை என்று அவள் யோசித்துக்கூடப் பார்த்திருக்கவில்லை.

சார் பெரிய அதிகாரி பக்கம் திரும்பினார். குரல் மாறவே இல்லை.

"தாங்கள் சொல்வது சரிதான். ஆனா ஒரு சின்னச் சங்கடம். இன்னிக்கு ராத்திரி லைன் ஓடணும். கயிறு கட்டினவங்க ராத்திரி வர முடியாது. இந்த மாடலைக் கத்துக்கிட்டு, ராத்திரியும் நிக்க முடிஞ்சவங்க மொத்தக் கம்பெனியிலயும் இந்த அஞ்சு பேர்தான். இவங்களை அனுப்பிட்டா ராத்திரி தாங்களும் நானும்தான் நின்னு வயருக்கு டேப் சுத்தணும். எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்ல."

அதிகாரி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் உதட்டோரம் சிரிப்பில் கொஞ்சம் அசைந்தது. கடைசியில், எல்லோருக்கும் ஒரே மாதிரி எச்சரிக்கைக் கடிதம் கொடுங்கள், ஒருத்தரையும் பிரிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். அப்பாடா! எத்தனையோ எச்சரிக்கைக் கடிதம் டைப் அடித்திருக்கிறேன், சிரித்துக்கொண்டே அடித்தது அவற்றைத்தான்.

காப்புக் கட்டின பெண்களைப் பகல் ஷிப்டுக்கு மாற்றினோம். ராத்திரிக்குப் பெருநகர் பஸ் பெண்களிடம் போய் நின்றேன். என் சொந்த ஊர்க்காரிகள், வாய் நீளம் சொல்லவே வேண்டாம். சாலவாக்கத்துக்காரிகளுக்கு வந்த சாமி எங்களுக்கு இல்லையா என்று கேட்டார்கள். உங்கள் ஊர்க் கூழ் ஊற்றுகிற நாளைக்கு அவர்கள் உங்களுக்காக நிற்பார்கள் என்று பேசிவைத்த பிறகுதான் சம்மதித்தார்கள். அன்றிலிருந்து எந்த ஊரில் எப்போது திருவிழா என்பதை ஆள் எடுக்கிற அன்றைக்கே கேட்டுவைப்பது எங்கள் வழக்கமாயிற்று. பொய்யான வியாதிகள் பாதியாகக் குறைந்துபோயின.

பெருநகர்ப் பெண்களுக்குப் புது மாடல் தெரியாது. ஐந்து பேரும் ஆளுக்கொரு பக்கம் நின்று அவர்களுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். அத்தனை ராத்திரியும் உங்களால் முடியுமா என்று ஸ்டெல்லாவிடம் கேட்டேன். முடியும் என்றாள். ஒன்றே ஒன்று கேட்டாள். "விடிகால ஆர்ச்சாண்ட எறக்கி வுட்டா, கூத்து பாக்கற கூட்டத்துக்குள்ள பூந்து நடந்து போவணும் மேடம். பஸ்ஸு எங்க வூட்டாண்ட வருமா?" ஏரிக்கரை வழி குறுகல், திரும்ப இடமில்லை என்று டிரைவர் முணுமுணுத்தான். சார் அவனிடம், "தாங்கள் ரிவர்ஸில் போவீர்கள் என்று கேள்விப்பட்டேனே" என்றார். பஸ் சர்ச் வரைக்கும் போனது. திருவிழா முடிந்த பிறகும் யாரும் அதை நிறுத்தவில்லை.

லைன் தடுமாறாமல் ஓடியது. தீமிதி முடிந்தது, காப்பு அவிழ்த்தார்கள். அதற்கு அடுத்து வந்த புதன்கிழமை அத்தனை பேரும் ஒரே ஷிப்டில் சேர்ந்து வந்தார்கள். புதன் என்றால் கேன்டீனில் கோழிக் குழம்பு. விரதம் இருந்து இருந்து நாக்குச் செத்துப்போன பெண்கள், மணி அடித்ததும் முதல் ஆளாக வரிசையில் வந்து நின்றார்கள். தீமிதித்த காலோடு அமுதா நொண்டிக்கொண்டே முதலில் வந்தாள்.

நடேசன் கரண்டியைப் பிடித்துக்கொண்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார். பின்னால் திரும்பி, தனியாக மூடிவைத்திருந்த பாத்திரத்தைத் திறந்தார். அவள் தட்டில் கஞ்சி ஊற்றினார். ஓரத்தில் ஒரு உப்பு நாரத்தங்காய் வைத்தார். "வாந்தி பேதிக்கு இதாம்மா நல்லது" என்றார். அவளுக்குப் பின்னால் நின்ற அத்தனை பேருக்கும் அதே கஞ்சி, அதே நாரத்தங்காய். முகத்தில் ஒரு சிரிப்பில்லை மனிதருக்கு. ஸ்டெல்லாவும் மற்ற நாலு பேரும் தட்டை நீட்டியபோது மட்டும் குழம்புக் குண்டானை அடிவரை கிளறி, துண்டாகத் தேடித் தேடிப் போட்டார். கேன்டீன் முழுக்கச் சிரிப்பு.

நான் ஜன்னல் ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்டெல்லா தட்டோடு வந்து, வழக்கமாக உட்காரும் இடத்தில், அமுதாவுக்கு எதிரே உட்கார்ந்தாள். அமுதா தன் கஞ்சியைப் பார்த்தாள், அவள் தட்டைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. கையை நீட்டி, ஸ்டெல்லா சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டிலிருந்தே ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். ஸ்டெல்லா தட்டை மேஜைக்கு நடுவே நகர்த்தி வைத்தாள். பக்கத்திலிருந்த பெண்கள் கையும் வந்தது.

அந்த ஊரில் ஆர்ச்சுப் பக்கத்து வீட்டுக்காரர்கள் காலனி வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள். நான் அதே மண்ணில் வளர்ந்தவள், எனக்குத் தெரியும். யாராவது திரும்பிப் பார்க்கிறார்களா என்று சுற்றிலும் பார்த்தேன். ஒருத்தரும் பார்க்கவில்லை. எல்லோரும் சாப்பிடுகிற அவசரத்தில் இருந்தார்கள். எனக்கும் திடீரென்று நல்ல பசி எடுத்தது. தட்டை எடுத்துக்கொண்டு வரிசையின் கடைசியில் போய் நின்றேன்.